டிவைஸ் ஐடியை எங்கே எழுதுவது? லினக்ஸ் கெர்னலில் இருக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

முதல் டிரைவரை எழுதி முடித்து, பேட்ச் (கோடு மாற்றம்) அனுப்பப்போகும் தறுவாயில் இருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. டிஎம்ஏ பற்றியோ இன்டரப்ட் பற்றியோ கேட்கமாட்டார்கள். அதையெல்லாம் எப்படியோ தாண்டி வந்துவிடுவார்கள். "அண்ணா, கார்டோட டிவைஸ் ஐடியை எங்க போடுறது?" என்பார்கள். இருப்பது நான்கு இலக்க எண் ஒன்று. ஆனால் கெர்னல் மூலத்தைத் திறந்து பார்த்தால் ஒரு டிரைவர் எண்ணை அப்படியே எழுதியிருக்கிறது, இன்னொன்று கோப்பின் தலையில் பெயர் கொடுத்திருக்கிறது, மூன்றாவது எங்கோ இருக்கும் பொது ஹெடரிலிருந்து (பல கோப்புகள் சேர்த்துக்கொள்ளும் வரையறைக் கோப்பு) எடுக்கிறது. எதைப் பார்த்து எழுதுவது என்று குழம்பத்தான் செய்யும்.

பிசிஐ பழகியவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். பிசிஐ என்பது கணினியில் கார்டுகளைச் செருகும் இணைப்பு முறை. ஒவ்வொரு பிசிஐ சாதனத்தின் கான்ஃபிக் ஸ்பேஸிலும் (தன்னைப் பற்றிய விவரங்களை அது வைத்திருக்கும் இடம்) முதல் நான்கு பைட்டுகள் அடையாளத்துக்கானவை. முதல் 16 பிட் தயாரிப்பாளர் எண், அடுத்த 16 பிட் சாதன எண். தயாரிப்பாளர் எண்ணை பிசிஐ-சிக் என்ற அமைப்பு வழங்குகிறது. சாதன எண்ணை அந்தந்த நிறுவனம் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ளும். இன்டெல்லின் எண் 8086, தன் பழைய பிராசஸரின் பெயரையே வைத்துக்கொண்டது. ஏஎம்டிக்கு 1022. (இந்தக் கட்டுரையில் வரும் ஐடிகள் எல்லாமே ஹெக்ஸ் எண்கள்.) டிரைவருக்குள் ஓர் அட்டவணை இருக்கும்: இந்தத் தயாரிப்பாளர், இந்தச் சாதனம் என்றால் அது என்னுடையது. கம்பைல் ஆகும்போது அந்த அட்டவணையிலிருந்து மாட்யூலுக்கான (தேவைப்படும்போது கெர்னலில் ஏறும் டிரைவர் கோப்பு) அலயாஸ் வரிகள், அதாவது "இந்த எண்ணுக்கு இந்த மாட்யூல்" என்ற குறிப்புகள், பிறக்கின்றன. கார்டைச் செருகியதும் சரியான மாட்யூல் தானாக ஏறுவது அவற்றால்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், எதை வைத்து எடைபோடக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். நினைவகம், வேகம் இரண்டும் இந்தப் பேச்சில் வராது. டிஃபைன் மேக்ரோ, அதாவது எண்ணுக்கு வைக்கும் பெயர், கம்பைலுக்கு முன் ஓடும் பிரீபிராசஸரோடு தீர்ந்துவிடும் சங்கதி. பெயர் வைத்தாலும் வைக்காவிட்டாலும் மாட்யூலுக்குள் போவது எண் மட்டும்தான். "ஹெடரில் ஆயிரம் டிஃபைன் இருந்தால் கெர்னல் பெருக்காதா?" என்று ஒருவர் கேட்டார். பெருக்காது.

நான் பார்ப்பது நான்கு விஷயங்கள்.

முதலாவது, இந்த எண்ணை எத்தனை கோப்புகள் படிக்கின்றன? இதுதான் தலையாய கேள்வி. மற்றவை இதன் நிழல்கள் மாதிரி.

இரண்டாவது, ஒரு பக் ரிப்போர்ட் வந்தால் அதிலிருந்து கோடுக்குப் போய்ச்சேர எத்தனை தேடல் தேவை? பயனர் அனுப்புவது எல்எஸ்பிசிஐ கட்டளை கொடுத்த எண்களைத்தான். நாம் சூட்டிய அழகான பெயர் அவருக்குத் தெரியாது.

மூன்றாவது, பேட்ச் எத்தனை இடங்களைத் தொடுகிறது? லினக்ஸில் நெட்வொர்க், கிராஃபிக்ஸ், சேமிப்பகம் என ஒவ்வொன்றுக்கும் தனி கிட் மரம் (கோடின் தனிப் பிரதி), தனி மெயின்டெய்னர் (பேட்சை ஏற்கும் பொறுப்பாளர்). ஒரு வரி இரண்டு மரங்களைத் தொட்டால், வேலை கோடிலிருந்து கடிதப் போக்குவரத்துக்கு மாறிவிடும். இதோடு ஸ்டேபிள் கெர்னல் (வெளியான பதிப்புக்குத் திருத்தங்கள் மட்டும் தரும் வரிசை) கணக்கும் சேரும். ஸ்டேபிள் வரிசையில் புதிய வசதிகளைச் சேர்க்கவிடமாட்டார்கள். ஆனால் புது டிவைஸ் ஐடி மட்டும் சேர்க்கும் பேட்சுக்கு விதியிலேயே இடம் உண்டு. அந்தச் சலுகையைப் பயன்படுத்த வேண்டுமானால் பேட்ச் பழைய கெர்னலிலும் சிக்கலில்லாமல் ஒட்ட வேண்டும்.

நான்காவது, ஒரே எண் இரண்டு இடத்தில் இருந்து, ஓர் இடம் மட்டும் திருத்தப்பட்டு, இன்னொன்று பழையபடியே கிடக்கும் அபாயம் எவ்வளவு?

## எண்ணை அப்படியே அட்டவணையில் எழுதுவது

புதியவர்களுக்கு இதுதான் அதிர்ச்சி. கல்லூரியில் முதல் வருடத்திலிருந்தே "கோடுக்குள் மேஜிக் நம்பர் எழுதாதே" என்று சொல்லித்தான் வளர்த்திருப்பார்கள். ஆனால் கெர்னலின் சொந்த ஆவணமே இதைத் தாராளமாக அனுமதிக்கிறது. பிசிஐ டிரைவர் எழுதுவது பற்றிய பகுதியில், சாதன எண்கள் நிறுவனம் தன்னிச்சையாக வைத்தவை, பொதுவாக ஒரே இடத்தில், அதாவது அட்டவணையில் மட்டும், பயன்படுபவை; ஆகவே வெறும் ஹெக்ஸ் எண்ணே போதும் என்று இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். மேஜிக் நம்பர் கூடாது என்பதற்கு இரண்டு காரணம் சொல்வார்கள்: எண்ணின் பொருள் புரியாது, பின்னால் மதிப்பு மாறலாம். டிவைஸ் ஐடி என்றைக்கும் மாறாது, சிலிக்கானில் எழுதியது. பொருளைப் பொறுத்தவரை, அது உட்கார்ந்திருக்கும் அட்டவணையே "இது ஒரு சாதன எண்" என்று சொல்லிவிடுகிறது. எந்தச் சில்லு என்பதைப் பக்கத்தில் ஒரு கமென்ட்டில் எழுதினால் போயிற்று. எஸ்எஸ்டிகளுக்கான என்விஎம்ஈ டிரைவரின் அட்டவணையைப் பாருங்கள். தனிக் கவனிப்பு தேவைப்படும் எஸ்எஸ்டிகள் வரிசையாக இருக்கும். பெரும்பாலானவற்றில் இரண்டு ஹெக்ஸ் எண்கள், பக்கத்தில் இன்ன மாடல் என்று ஒரு கமென்ட், கீழே என்ன சலுகை வேண்டும் என்ற கொடி. படிக்கச் சிரமமே இல்லை.

பெயர் வைப்பதால் பொய் சொல்ல நேரும் இடமும் உண்டு. ரியல்டெக்கின் 8168 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்காகத் தலைமுறை தலைமுறையாக வந்த கிகாபிட் சில்லுகள் எல்லாம் இதே எண்ணோடுதான் வருகின்றன. எந்தத் தலைமுறை என்பதை ஐடியிலிருந்து அறிய முடியாது. ஆர்8169 டிரைவர் சில்லின் ரிஜிஸ்டர் ஒன்றைப் படித்துத்தான் பதிப்பைக் கண்டுபிடிக்கிறது. இதற்கு என்ன பெயர் வைப்பது? ஒரு மாடலின் பெயரை வைத்தால் மற்ற மாடல்களுக்கு அது பொருந்தாது. அந்த டிரைவர் 8168 என்று எண்ணையே எழுதி நிறுத்திக்கொண்டது. அதே அட்டவணையின் கடைசிப் பக்கம் ஒரு வேடிக்கை இருக்கிறது: தயாரிப்பாளர் எண் 0001, சாதனம் 8168 என்று ஒரு வரி. தன் நிறுவனம் எது என்றே சரியாகச் சொல்லத் தெரியாத ஒரு கார்டுக்காகச் சேர்த்தது. அதற்குப் பெயர் வைக்கச் சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

கிரெப்பிலும் (கோப்புகளுக்குள் சொல் தேடும் கட்டளை) இந்த வழிக்குத்தான் லாபம். பயனர் "8086, 1008 என்று வருகிறது, கார்டு வேலை செய்யவில்லை" என்று எழுதினால், நான்கு இலக்கத்தைத் தேடினால் நேரே அட்டவணையில் போய் நிற்கலாம். ஒரே சங்கடம், 1000 மாதிரி எண் வாய்த்துவிட்டால் கெர்னல் முழுவதும் ஆயிரக்கணக்கில் விடைகள் வரும். அப்போது டிரைவர்ஸ் கோப்புறைக்குள், தயாரிப்பாளர் பெயரோடு சேர்த்துத் தேட வேண்டியதுதான்.

மறைவான செலவு ஒன்று உண்டு. எழுத்துப் பிழையைக் கம்பைலர் பிடிக்காது. பெயரைத் தப்பாக எழுதினால் பில்ட் உடையும். எண்ணைத் தப்பாக எழுதினால் எதுவும் உடையாது, கார்டு மட்டும் எழுந்திருக்காது. ஆனால் கார்டைச் செருகிச் சோதிக்காமல் ஐடி சேர்க்கும் பேட்சை யாரும் அனுப்பக் கூடாது என்பதால் இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

## டிரைவருக்குள்ளேயே பெயர் வைப்பது

அட்டவணையைத் தாண்டி, டிரைவருக்குள் வேறு எங்காவது அதே எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தால் பெயர் தேவைப்படுகிறது. "இந்தச் சில்லு என்றால் ரீசெட்டுக்குப் பிறகு சற்றுக் காத்திரு" என்பது மாதிரி. அப்போது டிரைவரின் சொந்த ஹெடரில் டிஃபைன் எழுதிக்கொள்வதுதான் முறை. இன்டெல்லின் ஈ1000ஈ இப்படித்தான்: பெயர்கள் டிரைவரின் ஹெடரில், அட்டவணையிலும் அதே பெயர்கள்.

அதன் அண்ணன், பழைய ஈ1000 டிரைவர், ஒரு நல்ல பாடம். அங்கே ஹெடரில் பெயர்கள் உண்டு. சில்லின் வகையைத் தீர்மானிக்கும் ஸ்விட்ச் பகுதி அந்தப் பெயர்களைத்தான் பார்க்கிறது. ஆனால் அட்டவணையில் 1000, 1001, 1004, 1008 என்று வெறும் எண்கள். ஒரே எண் ஒரே டிரைவருக்குள் இரண்டு வேடத்தில் நிற்கிறது. புதிதாக ஒன்றைச் சேர்ப்பவர் மூன்று இடத்தைத் தொட வேண்டும்: பெயர், ஸ்விட்ச், அட்டவணை. அட்டவணையை மறந்தால் டிரைவர் ஏறாது. ஸ்விட்சை மறந்தால் ஏறியபின் "தெரியாத சில்லு" என்று கைவிரிக்கும். அந்த டிரைவருக்குப் புதுச் சில்லுகள் வருவது நின்று வெகுகாலமாகிவிட்டதால் இன்று யாருக்கும் வலிப்பதில்லை.

எனக்கு வலித்திருக்கிறது. முன்பு வேலை பார்த்த இடத்தில் எஃப்பிஜிஏ (பின்னாலும் மாற்றி அமைக்கக்கூடிய சில்லு) வைத்த கார்டு ஒன்றுக்கு டிரைவர் எழுதினேன். அட்டவணையில் எண்ணை நேராக எழுதிவிட்டேன். பிறகு அந்தக் கார்டு வார்ம் ரீபூட்டில் (மின்சாரத்தை நிறுத்தாமல் மறுபடி தொடங்கும்போது) தொங்குகிறது என்று தெரிந்து, அதற்கான மாற்று வழியை இன்னொரு கோப்பில் எழுதினேன். அங்கே சுத்தமாக ஒரு டிஃபைன். ஆறு மாதம் கழித்துக் கார்டின் அடுத்த பதிப்பு வந்தது, புது ஐடியோடு. அட்டவணையில் ஒரு வரி சேர்த்தேன், கார்டு எழுந்தது, சோதனை பாஸ். மாற்று வழி இருந்த கோப்பு நினைவுக்கே வரவில்லை. சில கணினிகள் மட்டும், அதுவும் ரீபூட் செய்யும்போது மட்டும் தொங்கின. மூன்று நாள் பவர் சப்ளையைச் சந்தேகித்துக்கொண்டிருந்தோம். நான்காம் நாள் கிரெப்பில் பழைய ஐடியைத் தேடினேன். அட்டவணை மட்டும்தான் வந்தது. டிஃபைனில் ஹெக்ஸ் எழுத்தைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன், அட்டவணையில் சிறிய எழுத்தில். எழுத்தளவைப் பொருட்படுத்தாமல் தேடியபோதுதான் மற்றக் கோப்பு வெளியே வந்தது.

அந்தப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து விவகாரம் இன்னோர் இடத்திலும் கடிக்கும். உங்கள் டிரைவருக்குள் வைத்த அதே பெயரை நாளைக்கு யாராவது பொது ஹெடரிலும் சேர்த்தால், இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கும் வரை கம்பைலர் வாய் திறக்காது. மதிப்பு ஒன்றாகவே இருந்தாலும் ஒன்றில் பெரிய எழுத்தும் மற்றதில் சின்ன எழுத்தும் இருந்தால் மறுவரையறை என்று எச்சரிக்கும். அதனால் உள்ளூர்ப் பெயருக்குப் பொது ஹெடரின் முன்னொட்டை வைக்காமல், டிரைவரின் முன்னொட்டை வைப்பது நல்லது.

ஆனால் அதற்கும் ஒரு தடை இருக்கிறது. அட்டவணையைச் சுருக்கமாக எழுத உதவும் மேக்ரோக்கள் பெயரை ஒட்டவைத்து உருவாக்குபவை. பிசிஐ_விடிவைஸ் மேக்ரோவில் "இன்டெல்" என்று மட்டும் எழுதினால், தயாரிப்பாளருக்கான நீண்ட முன்னொட்டை அதுவே ஒட்டிக்கொள்ளும். பிசிஐ_டிவைஸ்_டேட்டா என்ற இன்னொன்று சாதனத்தின் பெயரையும் அதேபோல ஒட்டும். ஆகவே இந்த இரண்டாவதைப் பயன்படுத்தினால் உங்கள் பெயர் அந்த அச்சுக்குள் அடங்கியே ஆக வேண்டும், வெறும் எண் அங்கே எடுபடாது. இப்படி ஒட்டுவதால் தட்டச்சு மிச்சம். ஆனால் முழுப் பெயரைத் தேடும் கிரெப்புக்கு அந்த வரிகள் கண்ணில் படாது. "இந்தப் பெயரை யாருமே பயன்படுத்தவில்லை, நீக்கிவிடலாம்" என்று முடிவுகட்டும் முன் ஒரு தடவை கம்பைல் செய்து பாருங்கள்.

## துணை அமைப்பின் ஹெடர்

பல டிரைவர்கள் ஒரே குடும்பத்துக்குள் ஒரே எண்ணைப் பகிரும்போது நடுவாக ஓர் இடம் கிடைக்கிறது. கீபோர்டு, மவுஸ் போன்றவற்றுக்கான ஹெச்ஐடி பகுதியில் உள்ள ஹிட்-ஐடிஸ் ஹெடர் இதற்கு நல்ல உதாரணம். ஒரு கீபோர்டின் எண்ணை அதன் தனி டிரைவரும் படிக்கும். பொதுவான குவிர்க் (குறையுள்ள சாதனங்களுக்கான தனித் திருத்தம்) பட்டியலும் படிக்கும். இரண்டும் ஒரே மெயின்டெய்னரின் கையில், ஒரே மரத்தில். ஆகவே பொது ஹெடருக்கு உரிய மெர்ஜ் தொல்லை இதற்கு மிகக் குறைவு.

இன்டெல் கிராஃபிக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. ஐ915 டிரைவருக்கான ஐடி ஹெடரில் எண்கள் தனித்தனியாக நிற்பதில்லை. தலைமுறைவாரியாக மேக்ரோவுக்குள் கட்டிவைத்திருக்கிறார்கள். டிரைவர் அந்த மேக்ரோவை விரித்துத் தன் அட்டவணையை நிரப்புகிறது. பூட் ஆகும் ஆரம்பக் கட்டத்தில், கிராஃபிக்ஸுக்கென ஒதுக்கிய நினைவகத்தைக் காப்பாற்றும் எக்ஸ்86 கோடும் அதே மேக்ரோவை வேறு மாதிரி விரித்துக்கொள்கிறது. புது எண்ணை ஒரு முறை சேர்த்தால் இரண்டு இடமும் தானாக ஒத்துப்போகும். எனக்கு நேர்ந்தது இங்கே நேர வாய்ப்பே இல்லை. லிப்டிஆர்எம் என்ற கிராஃபிக்ஸ் லைப்ரரி போல கெர்னலுக்கு வெளியே இருப்பவர்களும் இந்த ஹெடரைப் பிரதி எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதனாலேயே மேக்ரோவின் வடிவத்தை மாற்றினால் வெளியில் இருப்பவர்களும் உட்கார்ந்து திருத்த வேண்டியிருக்கும்.

சில எண்களுக்குப் பெயர் வைத்தே ஆக வேண்டும் என்பதற்கு யுஎஸ்பி பக்கம் ஒரு சாட்சி. 2014-இல், யுஎஸ்பி-சீரியல் சில்லுகள் செய்யும் எஃப்டிடிஐயின் விண்டோஸ் டிரைவர் போலிச் சில்லுகளின் சாதன எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்ட விவகாரம் பலருக்கு நினைவிருக்கும். அப்படிப் பூஜ்யமான சில்லுகளும் லினக்ஸில் ஓட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தார்கள். எஃப்டிடிஐ டிரைவரின் ஐடி ஹெடரில் அந்த 0000-க்கு வைத்த பெயரில் "பிரிக்", அதாவது செங்கல், என்ற சொல் வருகிறது. எண்ணை மட்டும் எழுதியிருந்தால் யாராவது பிழை என்று நினைத்து நீக்கியிருப்பார்கள்.

## பிசிஐ_ஐடிஸ்.எச்: எல்லாருக்கும் பொதுவான ஹெடர்

புதியவர் கை முதலில் போவது இங்கேதான். பெயரைப் பார்த்தாலே "இங்கே சேர்" என்று கூப்பிடுவது போல இருக்கும். ஆனால் கோப்பின் தலையிலேயே, ஒன்றுக்கு மேற்பட்ட டிரைவர்கள் பகிராவிட்டால் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எண் வரிசைப்படி அடுக்குங்கள் என்றும் இருக்கும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? பழங்காலத்தில் எல்லாரும் இங்கேதான் சேர்த்தார்கள். ஒவ்வொரு மரத்திலிருந்தும் வரும் பேட்ச் ஒரே கோப்பின் பக்கத்துப் பக்கத்து வரிகளைத் தொடும். மெர்ஜ் செய்பவருக்கு வேலை. ஸ்டேபிளுக்குப் பேக்போர்ட் செய்தால் (பழைய பதிப்புக்குக் கொண்டுபோனால்) சுற்றியுள்ள வரிகள் பழைய கெர்னலில் வேறாக இருக்கும், பேட்ச் ஒட்டாது. இன்னொன்று, பிசிஐ பயன்படுத்தும் எல்லா டிரைவரும் சேர்க்கும் முதன்மை ஹெடர் இந்தக் கோப்பையும் உள்ளே இழுக்கிறது. இதில் ஒரு வரி மாற்றிவிட்டு மேக் கொடுத்துப் பாருங்கள், சம்பந்தமே இல்லாத கோப்புகள் ஆயிரக்கணக்கில் மறுபடி கம்பைல் ஆகும். டீ குடித்துவிட்டு வரலாம்.

அதற்காக இந்த வழியே கூடாது என்பதல்ல. ஏஎம்டியின் 1463 என்ற எண் இதற்குச் சரியான உதாரணம். ஜென் வகை பிராசஸரின் உள்ளே இருக்கும் ஒரு பிசிஐ ஃபங்ஷன் (ஒரே சில்லுக்குள் தனிச் சாதனம் போலத் தெரியும் பகுதி) அது. எக்ஸ்86 பகுதியில் இருக்கும் நார்த்பிரிட்ஜ் கோடும் பல வெளியீடுகளாக அதைத் தேடிவந்தது. வெப்பநிலை சொல்லும் கே10டெம்ப் டிரைவரும் தேடுகிறது. ஒன்று ஆர்ச் கோப்புறையில், இன்னொன்று ஹார்டுவேர் மானிட்டரிங்கில்: வேறு வேறு மரங்கள். ஆகவே 1463 பொது ஹெடரில். அதே சில்லின் அடுத்த ஃபங்ஷன் 1464. அதை நார்த்பிரிட்ஜ் கோடு மட்டும் பார்த்ததால் பல வெளியீடுகளாக அந்தக் கோப்பின் உள்ளேயே டிஃபைன் செய்திருந்தார்கள். பக்கத்துப் பக்கத்து எண்கள், இரண்டு வெவ்வேறு இடம். முதலில் பார்த்தபோது ஏனோதானோவென்று எழுதியதாக நினைத்தேன். விதியை அட்சரம் பிசகாமல் பின்பற்றியிருக்கிறார்கள்.

தயாரிப்பாளர் எண்களுக்கு இந்த இடம் பெரும்பாலும் பொருந்தும், ஒரு நிறுவனத்துக்குப் பல டிரைவர்கள் இருக்கும் என்பதால். ஆனால் நிறுவனங்கள் விற்கப்படும், பெயர் மாறும், எண் மட்டும் அப்படியே இருக்கும். 1000 என்ற எண்ணுக்கு இந்த ஹெடரில் என்சிஆர் என்று ஒரு பெயர், எல்எஸ்ஐ லாஜிக் என்று இன்னொரு பெயர்.

இங்கே சேர்ப்பதென்று முடிவெடுத்தால் இரண்டு காரியம். எந்தெந்தக் கோப்புகள் பகிர்கின்றன என்பதைக் கமிட் செய்தியிலேயே எழுதுங்கள்; எழுதாவிட்டால் மெயின்டெய்னர் அதைத்தான் முதலில் கேட்பார். அப்புறம், ஹெடர் மாற்றமும் அதைப் பயன்படுத்தும் மாற்றங்களும் ஒரே மரத்தின் வழியாகப் போக ஏற்பாடு செய்யுங்கள், மற்ற மெயின்டெய்னரின் ஒப்புதலோடு. இல்லையென்றால் ஹெடர் ஒரு வெளியீட்டிலும் உங்கள் டிரைவர் அடுத்த வெளியீட்டிலும் வந்துசேரும்.

## பட்டியலிலிருந்து ஹெடரை உருவாக்குவது: பிஎஸ்டி வழி

"ஒரே பட்டியல், அதிலிருந்து எல்லாம் தானாக" என்பது பொறியாளர் மனதுக்குப் பிடித்த யோசனை. நெட்பிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி என்ற இரண்டு இயங்குதளங்களும் அப்படித்தான் செய்கின்றன. பிசிஐடெவ்ஸ் என்ற எளிய உரைக்கோப்பு இருக்கும். ஒரு வரியில் நிறுவனம், மாறிலிக்கான பெயர், எண், மனிதர் படிக்கும் விவரம். உரையைப் பிரித்துப் படிக்க உதவும் ஆக் மொழியில் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட் அதைப் படித்து இரண்டு ஹெடர்களை எழுதும்: ஒன்றில் டிஃபைன்கள், இன்னொன்றில் பெயர்ப் பட்டியல். ஓபன்பிஎஸ்டியில் பூட் செய்திகளிலேயே சாதனத்தின் பெயர் மேற்கோள் குறிக்குள் அழகாக வருவது இந்த இரண்டாவது கோப்பால்தான்.

மாறிலியும் பெயரும் ஒன்றுக்கொன்று விலகவே முடியாது; அது பெரிய பலம். செலவு, உருவாக்கிய கோப்புகளையும் ரெபாசிட்டரியில் சேர்க்கிறார்கள். பட்டியலை ஒரு கமிட்டில் மாற்றிவிட்டு, உடனே "ரீஜென்" என்று இன்னொரு கமிட். கமிட் வரலாற்றைப் புரட்டினால் இந்த ஜோடி திரும்பத் திரும்ப வரும்.

இது அங்கே நடப்பதற்குக் காரணம் அமைப்பு. கெர்னலும் கட்டளைகளும் ஒரே மூல மரத்தில், கமிட் உரிமை உள்ளவர்கள் கைக்கடக்கமான கூட்டம். லினக்ஸின் பல மரங்களுக்குள் இதைக் கொண்டுவந்தால் பொது ஹெடரின் எல்லாத் தொல்லையும் இரட்டிப்பாகும். லினக்ஸும் பெயர்ப் பட்டியலைக் கெர்னலுக்குள் வைத்திருந்த காலம் ஒன்று உண்டு, 2.6 வரிசையில் நீக்கிவிட்டார்கள். பெயர்கள் இப்போது பிசிஐ.ஐடிஸ் என்ற வெளிக்கோப்பில். மார்ட்டின் மாரெஷ் தொடங்கியது, எல்எஸ்பிசிஐ அதைத்தான் படிக்கிறது. கெர்னலை மாற்றாமலே பெயரைத் திருத்தலாம்.

உங்கள் நிறுவனம் சொந்தக் கெர்னல் மரம் வைத்திருந்து, ஒரே எண்ணை கெர்னல் டிரைவர், ஃபர்ம்வேர் புதுப்பிப்பான், சோதனை ஸ்கிரிப்ட் என்று மூன்று மொழிகளில் எழுதவேண்டியிருந்தால் மட்டும் இந்த வழியை நான் சொல்வேன்.

## ஐடியே இல்லாமல்

சாதனம் ஒரு பொதுத் தரத்தைப் பின்பற்றுமானால் எண்ணே வேண்டாம், வகைக் குறியீடு போதும். என்விஎம்ஈ என்றால் 010802, ஏஹெச்சிஐ (சாட்டா டிஸ்க்குகளுக்கான தரம்) என்றால் 010601. ஏஹெச்சிஐ டிரைவரின் அட்டவணையில் மேலே 2652 போன்ற இன்டெல் எண்கள் வரிசையாக இருக்கும், கீழே "யாராக இருந்தாலும் சரி, வகை பொருந்தினால் போதும்" என்று ஒரு வரி. பொருத்தம் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும் என்பதால் தனிக் கவனிப்பு வேண்டியவை மேலே, பொதுவானது கடைசியில். புது எஸ்எஸ்டி வாங்கிச் செருகியதும் யாரும் பேட்ச் அனுப்பாமலே வேலை செய்வது இதனால்தான். தரத்தை முழுதாகப் பின்பற்றாத சில்லுகளும் அதே வகையைச் சொல்லிக்கொண்டு வருவதுதான் இதன் மறைவான செலவு. மேலே உள்ள நீண்ட பட்டியலில் ஒரு பகுதி அவற்றுக்கானது.

இன்னொன்று, ஓடும்போதே சேர்ப்பது. டிரைவரின் சிஸ்எஃப்எஸ் (கெர்னல் தன் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) கோப்புறையில் நியூ_ஐடி என்ற கோப்பில் இரண்டு எண்களை எழுதினால் போதும். ரீபூட் ஆனால் போய்விடும். மாட்யூல் ஏற்கெனவே ஏறியிருக்கவும் வேண்டும். டிரைவர் வரிகளோடு கூடுதல் தரவு வைத்திருந்தால், அட்டவணையில் ஏற்கெனவே உள்ள ஒரு மதிப்பைத்தான் கொடுக்க முடியும். பேட்ச் எழுதும் முன் "இந்தப் புது ஐடிக்குப் பழைய டிரைவரே போதுமா?" என்று பார்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. வாடிக்கையாளரின் சர்வரில் நிரந்தரத் தீர்வாக இதைப் பூட் ஸ்கிரிப்டில் போட்டுவிட்டுப் போகாதீர்கள், அவ்வளவுதான்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | பக் ரிப்போர்ட்டிலிருந்து தேடல் | பேட்ச் தொடுவது | விலகும் ஆபத்து | எப்போது |
|---|---|---|---|---|
| அட்டவணையில் வெறும் எண் | ஒரே தேடல் | ஒரு வரி | இல்லை, ஒரே இடம் என்றால் | அட்டவணை மட்டுமே படிக்கும்போது |
| டிரைவருக்குள் பெயர் | இரண்டு தேடல் | ஒரு டிரைவர் | அட்டவணையிலும் பெயரையே எழுதினால் குறைவு | டிரைவருக்குள் ஒப்பீடு இருந்தால் |
| துணை அமைப்பின் ஹெடர் | இரண்டு | ஒரு மரம் | குறைவு | ஒரே மெயின்டெய்னருக்குக் கீழ் பலர் படித்தால் |
| பொது ஹெடர் | இரண்டு, ஒட்டு மேக்ரோ இருந்தால் கூடுதல் | பல மரங்கள், பெரிய மறுகம்பைல் | குறைவு | வெவ்வேறு மரங்கள் பகிர்ந்தால் |
| பட்டியலிலிருந்து உருவாக்கம் | இரண்டு | பட்டியலும் உருவான கோப்புகளும் | இல்லை | ஒரே மரம், அல்லது பல மொழிகள் |
| வகைக் குறியீடு | தேவையில்லை | எதுவுமில்லை | இல்லை | பொதுத் தரம் இருந்தால் |

## தடுமாறும் இடங்கள்

அட்டவணை எளிதாகத்தான் இருக்கிறது. நிஜத்தில் தடுமாறுவது நடுவில் உள்ள சந்தர்ப்பங்களில்.

டிரைவர் ஒன்றுதான், ஆனால் அந்தச் சாதனத்துக்குப் பிசிஐ குவிர்க்ஸ் கோப்பிலும் ஒரு திருத்தம் தேவை. இரண்டு கோப்பு, ஆகவே பகிர்வு, ஆகவே பொது ஹெடர் என்று கணக்குப் போடலாம். ஆனால் அந்தக் கோப்பில் எத்தனையோ வரிகள் வெறும் ஹெக்ஸில்தான் இருக்கின்றன. என் கட்சி: குவிர்க் ஒரு சில்லுக்கு, ஒரே முறை என்றால் இரண்டு இடத்திலும் எண்ணையே எழுதி, சின்ன எழுத்தில், ஒன்றில் மற்றதைக் குறிப்பிட்டு ஒரு கமென்ட். அடுத்தடுத்த பதிப்புகளுக்கும் அதே குவிர்க் வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் பொது ஹெடர். என் எஃப்பிஜிஏ கார்டு இரண்டாவது வகை, நான் முதல் வகை மாதிரி நடத்தினேன்.

"நாளைக்கு இன்னொரு டிரைவரும் பயன்படுத்தும்" என்று சொல்லி இன்றே பொது ஹெடரில் சேர்க்கலாமா? வேண்டாம். அந்த நாளை பெரும்பாலும் வருவதில்லை. வந்தால் அன்றைக்கு நகர்த்துவது இரண்டு சின்னப் பேட்ச்.

டிரைவரில் ஏற்கெனவே ஒரு பாணி இருக்கிறது, அது உங்களுக்குப் பிடிக்கவில்லை. அங்கே பெயர் வைத்திருந்தால் நீங்களும் வையுங்கள், எண் இருந்தால் எண். ஐடி சேர்க்கும் பேட்சோடு பாணியைத் திருத்தும் வேலையைக் கலந்தால் ஸ்டேபிளுக்குப் போகும் சலுகை போய்விடும். கார்டு வாங்கியவர் ஒரு வெளியீடு கூடுதலாகக் காத்திருப்பார்.

பொது ஹெடரில் யாரும் பயன்படுத்தாத பழைய பெயர்களைப் பார்த்ததும் நீக்கத் தோன்றும். ஒட்டு மேக்ரோக்களை மறக்காமல் தேடி, முழுக் கம்பைல் செய்துவிட்டுத் தாராளமாக அனுப்புங்கள். ஆனால் உங்கள் முதல் பேட்சாக அது வேண்டாம். முதல் பேட்ச் கார்டுக்கானதாக இருக்கட்டும்: அட்டவணையில் ஒரு வரி, பக்கத்தில் சில்லின் பெயர், கமிட் செய்தியில் எந்தக் கணினியில் சோதித்தீர்கள் என்பது. சாதனத்தின் முழுப் பெயரைப் பிசிஐ.ஐடிஸ் பட்டியலுக்குத் தனியே அனுப்பிவிடுங்கள், கெர்னல் ஆவணமே அதைத்தான் கேட்கிறது.